பழைய செவ்ரோலே பிக்கப்புக்கு கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும்: இரண்டு முறை செலவழித்தவன் சொல்வது

டெக்சாஸில் ஒரு 1970 செவ்ரோலே சி10 வாங்கினேன். பின்னால் நீளமான சரக்குத் தொட்டி, 350 கன அங்குல வி8 எஞ்சின், டர்போ 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் ஆக்சிலில் 3.73 விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்ற வேண்டும்). ஊருக்குள் ஓட்ட அருமையான வண்டி. ஐ-35 சாலையில் ஏறி 70 மைல் வேகத்தைத் தொட்டால் எஞ்சின் நிமிடத்துக்கு 3,100 சுற்றுக்கு மேல் கத்தும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன், "மச்சான், இது வண்டியா, மாவு மில்லா?" என்றான்.

அந்தக் கூச்சலை அடக்கப் போய் நான் செய்த தவறு இதுதான்: ஓவர்டிரைவ் (எஞ்சினை விட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் மேல் கியர்) உள்ள 700ஆர்4 கியர்பாக்ஸும் போட்டேன், பின் ஆக்சிலையும் 3.07 ஆக மாற்றினேன். ஒரே நோய்க்கு இரண்டு மருந்து. நோய் போனது, கூடவே வண்டியின் உயிரும் போனது. ஆறு மாதம் கழித்து ஆக்சிலைத் திரும்பவும் பிரித்து, பழைய 3.73ஐயே மாட்டினேன். கூலி இரண்டு மடங்கு.

கியர்பாக்ஸ் வேறு, பின் ஆக்சில் வேறு என்று பார்க்காதீர்கள். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு எண்கள். கீழே இருப்பது 1967 முதல் 1972 வரை வந்த இருசக்கர இழுவை சி10ஐ மனதில் வைத்து எழுதியது. வேறு வண்டி என்றால் பாகங்கள் மாறும், கணக்கு மாறாது.

1. வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

விற்றவர் சொன்னதை நம்பாதீர்கள். ஐம்பது வருடத்தில் எத்தனை கை மாறியதோ, யார் எதைக் கழற்றி எதை மாட்டினார்களோ.

முதலில் காகிதம். டாஷ்போர்டு பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அந்த வண்டி ஆலையிலிருந்து என்னென்ன விருப்பத் தேர்வுகளோடு வந்தது என்ற பட்டியல் அது. ஆக்சிலை விருப்பத் தேர்வாகக் கேட்டு வாங்கியிருந்தால் அதன் விகிதமும் அதில் வரும். கிழிந்து நைந்து போயிருந்தாலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஓட்டுநர் கதவருகில் உள்ள தகட்டில் வண்டி எண். 1971 வரையிலான வண்டிகளில் முதல் எழுத்து சி என்றால் இருசக்கர இழுவை, கே என்றால் நான்கு சக்கரம். இரண்டாவது எழுத்து ஈ என்றால் வி8, எஸ் என்றால் ஆறு சிலிண்டர். 1972இல் முன்னால் இன்னொரு சி சேர்ந்துகொள்ளும். இந்த எண் உங்கள் டைட்டில் பத்திரத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பல ஆயிரம் டாலர் கொட்டிய பிறகு பத்திரத்தில் எண் தப்பு என்று தெரிவது பெரிய தலைவலி.

காகிதம் சொல்வது ஆலையில் போட்டதை. இன்று உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய எண்ணித்தான் பார்க்க வேண்டும். தரை சமமான இடத்தில் முன் சக்கரங்களுக்கு அடைப்புக் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, டயரை சரியாக 2 முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் 3ஐ விடக் கொஞ்சம் கூடச் சுற்றினால் 3.07. மூணே முக்கால் வந்தால் 3.73. 4ஐக் கொஞ்சம் தாண்டினால் 4.11. தூக்கிய சக்கரம் அசையவே மறுத்தால் லிமிடெட் ஸ்லிப் (இரு பின்சக்கரங்களும் தனித்தனியே சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) உள்ள ஆக்சிலாக இருக்கலாம். அப்போது இரண்டு சக்கரத்தையும் தூக்கி, 1 சுற்று மட்டும் சுற்றி எண்ணுங்கள்.

படுத்த வாக்கில் ஆக்சிலின் பின்மூடியில் உள்ள போல்ட்டுகளையும் எண்ணிவிடுங்கள். 12 இருந்தால் இந்த வண்டிகளில் அதிகம் பார்க்கும் 12-போல்ட் ஆக்சில். அதன் உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் 8.875 அங்குலம்.

2. டயரை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் இதைக் கடைசியில் வைப்பார்கள். நானும் அப்படித்தான். டயரின் உயரம் மாறினால் ஆக்சில் விகிதம் மாறியது போலத்தான். உதாரணத்துக்கு 275/60 ஆர்15 டயர் 28 அங்குல உயரம். 235/75 ஆர்15 கிட்டத்தட்ட 29 அங்குலம். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் அது எஞ்சின் சுற்றை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். சிலர் 31 அங்குல டயர் போடுகிறார்கள். அப்போது 3.73 ஆக்சில், 28 அங்குல டயரோடு 3.37 இருப்பது போல நடந்துகொள்ளும்.

சக்கரம் வாங்கும்போது ஒரு கண்ணி உண்டு. 1970 வரை சி10க்கு 6 போல்ட் சக்கரம், 1971 முதல் 5 போல்ட். பின் ஆக்சிலை மட்டும் 1971க்குப் பிந்தைய வண்டியிலிருந்து எடுத்து மாட்டினால் முன்னால் 6, பின்னால் 5 என்று நிற்கும். ஸ்டெப்னி எதற்கும் பொருந்தாது.

3. கணக்கு போடுங்கள்

சூத்திரம் ஒன்றுதான். மைல் வேகத்தை 336ஆல் பெருக்கி, ஆக்சில் விகிதத்தால் பெருக்கி, கியரின் விகிதத்தால் பெருக்கி, டயர் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் எஞ்சின் சுற்று கிடைக்கும். 28 அங்குல டயருக்கு இது இன்னும் எளிது, ஏனென்றால் 336ஐ 28ஆல் வகுத்தால் 12. மனக்கணக்காகவே போடலாம்.

70 மைல் வேகம், 28 அங்குல டயர், நேர் கியர் (1.00):
4.11 ஆக்சில்: 3,452 சுற்று
3.73 ஆக்சில்: 3,133 சுற்று
3.07 ஆக்சில்: 2,579 சுற்று

அதே வேகம், 0.70 ஓவர்டிரைவ்:
4.11: சுமார் 2,415
3.73: சுமார் 2,195
3.07: சுமார் 1,805

கடைசி வரிதான் என் கதை. 1,805 என்பது காகிதத்தில் பெட்ரோல் மிச்சம் போலத் தெரியும். என் எஞ்சினில் முந்தைய சொந்தக்காரர் கொஞ்சம் முறுக்கேறிய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தார். அது 2,000க்குக் கீழே சோம்பேறி. எதிர்காற்று வீசினாலோ சின்ன மேடு வந்தாலோ வண்டி நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கும், திரும்ப ஏறும், இறங்கும். டிரான்ஸ்மிஷன் சூடானதுதான் மிச்சம், பெட்ரோல் மிச்சமாகவில்லை. இந்த பிக்கப்பின் முகம் காற்றை வெட்டிக்கொண்டு போகும் முகமில்லை, செங்கல்.

சாதாரண 350 எஞ்சினுக்கு 70 மைலில் 2,000 முதல் 2,400 சுற்றுக்குள் வைத்தால் சுகமாகப் போகும் என்பது என் அனுபவம். ஆறு சிலிண்டர் 250 எஞ்சின் என்றால் 2,300க்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இது கணக்கின் ஒரு பாதி. மறுபாதி வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்புவது. முதல் கியர் விகிதத்தையும் ஆக்சில் விகிதத்தையும் பெருக்குங்கள். டர்போ 350இன் முதல் கியர் 2.52. அதோடு 3.73 சேர்ந்தால் 9.4. 700ஆர்4இன் முதல் கியர் 3.06. அதோடு 3.07 சேர்ந்தாலும் 9.4! ஆறு மாதம் அலைந்து, சிக்னலில் நான் பெற்ற முன்னேற்றம் பூஜ்யம். அதே 700ஆர்4ஐ 3.73ஓடு சேர்த்தால் 11.4. வண்டி துள்ளிக் கிளம்பும். 10 முதல் 12 வரை நல்ல இடம். 4.11 போட்டால் 12.6 வரும். காலி வண்டியில் முதல் கியர் போட்டவுடனே தீர்ந்துபோகும்.

இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதாமல் எந்தக் கடைக்கும் போன் செய்யாதீர்கள்.

4. கியர்பாக்ஸைத் தேர்ந்தெடுங்கள்

டர்போ 350 (2.52, 1.52, 1.00) முரட்டு உழைப்பாளி, சுலபமாகப் பழுது பார்க்கலாம், ஆனால் ஓவர்டிரைவ் கிடையாது. ஊருக்குள்ளும் 55 மைல் சாலைகளிலும் மட்டும் ஓட்டுவீர்கள் என்றால் அதையே வைத்துக்கொண்டு ஆக்சிலை மட்டும் 3.07 ஆக்குங்கள். மிகக் குறைந்த செலவு. கிளம்பும் வேகம் குறையும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

700ஆர்4 (3.06, 1.63, 1.00, 0.70) பெரும்பாலானோர் போகும் வழி. 1982இல் வந்தது. ஆரம்ப வருடங்களில் வந்தவை பலவீனம். 1987க்குப் பிந்தையதைத் தேடுங்கள். பழைய கார்பரேட்டர் எஞ்சினோடு கம்ப்யூட்டர் இல்லாமல் வேலை செய்யும் என்பது இதன் பெரிய வசதி. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பள்ளம் அதிகம், ஓட்டும்போது தெரியும்.

200-4ஆர் (2.74, 1.57, 1.00, 0.67) பலர் மறந்துவிடும் ஒன்று. குட்டை வால் (பின்முனைக் கூடு) உள்ள டர்போ 350இன் அதே நீளம் என்பதால் ஷாஃப்டைத் தொடாமல் பொருத்த வாய்ப்பு உண்டு. கியர்களின் இடைவெளியும் சீராக இருக்கும். நல்ல நிலையில் கிடைப்பதுதான் கடினம்.

4எல்60ஈ என்பது 700ஆர்4இன் மின்னணு வாரிசு, அதே விகிதங்கள். இயக்கத் தனியாக ஒரு கன்ட்ரோலர் வேண்டும், த்ராட்டில் சென்சார் வேண்டும், வயரிங் வேண்டும். புது எஞ்சினும் போடுபவர்களுக்கு சரி. கார்பரேட்டரோடு இருப்பவர்கள் ஏன் இந்தத் தலைவலியை விலைக்கு வாங்க வேண்டும்?

மேனுவல் பிரியர்களுக்கு ஒரு ரகசியம். உங்கள் வண்டியில் எஸ்எம்465 நான்கு கியர் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். அதன் விகிதங்கள் 6.55, 3.58, 1.70, 1.00. முதல் கியர் கல் இழுப்பதற்கு, அன்றாட ஓட்டத்துக்கு வேண்டாம். ஆக்சிலை 3.07 ஆக்கி இரண்டாவதிலேயே கிளம்புங்கள். 3.58ஐ 3.07ஆல் பெருக்கினால் 11. அந்த நல்ல இடத்திலேயே வந்து நிற்கிறது! 70 மைலில் 2,579 சுற்று. ஓவர்டிரைவ் அளவுக்கு அமைதி இல்லை, ஆனால் கியர்பாக்ஸ் செலவு பூஜ்யம்.

டி5 ஐந்து கியர் போடுபவர்கள் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். எஸ்-10 பிக்கப்பிலிருந்து வந்ததன் முதல் கியர் 4.03. அதை 3.73ஓடு சேர்த்தால் 15. வி8க்கு அது அதிகம், ஆறு சிலிண்டருக்கு நன்றாகவே பொருந்தும்.

5. பின் ஆக்சில்: மாற்றத்தான் வேண்டுமா?

ஓவர்டிரைவ் போடுவதென்று முடிவானால், உள்ளே 3.73 இருந்தால், கை வைக்காதீர்கள். அவ்வளவுதான். 3.07 இருந்தாலோ, மேலே சொன்னபடி ஓவர்டிரைவ் இல்லாமல் 3.07க்கு மாறுவதாக இருந்தாலோதான் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

கிரவுனும், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. செவ்ரோலேயின் கார்களிலும் ஒரு 12-போல்ட் ஆக்சில் உண்டு, அதற்கும் 8.875 அங்குலம்தான். ஆனால் பினியன் தண்டு வேறு. காரின் செட் பிக்கப்பில் ஏறாது. "12-போல்ட்" என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால் காரின் செட் வந்து நிற்க நல்ல வாய்ப்பு. "பிக்கப் 12-போல்ட்" என்று சொல்லுங்கள், பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். விகிதம் ஒரு எல்லையைத் தாண்டி மாறும்போது, கிரவுன் ஏறி உட்காரும் கேரியரையும் மாற்ற வேண்டி வரும். உங்கள் கேரியருக்கு நீங்கள் கேட்கும் விகிதம் சேருமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். எனக்கு இது கடைக்கு வண்டி போன பிறகுதான் தெரிந்தது.

பிரித்த பழைய செட்டை கேரியரோடு சேர்த்து எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். நான் அப்படிச் செய்ததால்தான் திரும்பப் போட்டபோது கூலி மட்டும் ஆனது.

முழு ஆக்சிலையே மாற்றலாமே என்று பழைய இரும்புக் கடையில் தோன்றும். 1973க்குப் பிந்தைய சி10 ஆக்சில்கள் மலிவு, ஆனால் அவை லீஃப் ஸ்பிரிங் வண்டிக்கானவை. நம் வண்டியில் பின்னால் காயில் ஸ்பிரிங்கும் நீளக் கைகளும். பிராக்கெட் வெட்டி வெல்டிங் செய்தால் தவிர உட்காராது.

இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். மற்ற எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். பினியன் ஆழமும் பேரிங் இறுக்கமும் பல் இடைவெளியும் (புது செட்டுக்கு வழக்கமாக 0.006 முதல் 0.010 அங்குலம்) அளவுக் கருவி வைத்து சரிசெய்ய வேண்டியவை. மஞ்சள் பசை தடவி, பல் எங்கே படிகிறது என்று கடைக்காரர் பார்ப்பார். அந்தப் பதிவைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பின்னால் ஊளைச் சத்தம் வந்தால் அதுதான் உங்கள் கையில் உள்ள ஒரே சாட்சி.

6. நீளமும் மவுன்ட்டும் அளந்த பிறகே வாங்குங்கள்

குட்டை வால் டர்போ 350 சுமார் 27.7 அங்குலம். 700ஆர்4 சுமார் 30.75. மூன்று அங்குலம் கூடுதல், அதனால் ஷாஃப்டைக் குட்டையாக்க வேண்டும். 9 அங்குல வால் உள்ள டர்போ 350 இருந்தால் நீளம் ஒன்றேதான், ஷாஃப்ட் தப்பிக்கும். பின்பக்கத் தண்டின் பற்கள் இரண்டிலும் 27 என்பதால் ஷாஃப்டை கியர்பாக்ஸோடு இணைக்கும் பழைய யோக் ஏறும். டர்போ 400 வைத்திருப்பவர்களுக்கு 32 பல், யோக் புதிதாக வாங்க வேண்டும்.

மவுன்ட் உட்காரும் இடமும் சுமார் இரண்டு அங்குலம் பின்னால் போகும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரை நகர்த்த வேண்டும், அல்லது தயாராக விற்பதை வாங்க வேண்டும். என் நீளத் தொட்டி வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் ஒரு பேரிங். முன் துண்டை மட்டும் வெட்டினார்கள்.

ஷாஃப்ட் அளவை கியர்பாக்ஸ் உள்ளே ஏறி, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது எடுங்கள். ஜாக்கியில் தொங்கும்போது எடுத்தால் தப்பாக வரும்.

கன்வெர்ட்டரை (எஞ்சினின் விசையை எண்ணெய் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கியர்பாக்ஸுக்குள் தள்ளும்போது அது படிப்படியாக இறங்கும். முழுதாக இறங்காமல் எஞ்சினோடு சேர்த்து போல்ட்டை இறுக்கினால் உள்ளே இருக்கும் பம்ப் உடையும். கியர்பாக்ஸை எஞ்சினோடு இறுக்கிய பின், கன்வெர்ட்டருக்கும் எஞ்சினின் பின்னால் சுற்றும் தட்டான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே சுமார் எட்டில் ஒரு அங்குலம் இடைவெளி இருந்து, கையால் கன்வெர்ட்டரைச் சுற்ற முடிந்தால் சரி. போல்ட்டை இறுக்கித்தான் கியர்பாக்ஸை எஞ்சினோடு நெருக்க முடிகிறது என்றால் உடனே நிறுத்துங்கள்.

7. டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள்

700ஆர்4, 200-4ஆர் இரண்டிலும் கார்பரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் வரும். கியர் மாற்றும் கேபிள் என்று நினைத்து, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். உள்ளே எண்ணெய் அழுத்தத்தை நிர்ணயிப்பதே அதுதான். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் கேபிளைத் தோராயமாக மாட்டி "சும்மா ஒரு ரவுண்டு" போய் வந்தார். புது கியர்பாக்ஸ் அன்று மாலைக்குள் போய்ச் சேர்ந்தது.

ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கேபிளும் முழுதாக இழுபட்டிருக்க வேண்டும். கார்பரேட்டர் வெளியிலிருந்து வாங்கியது என்றால் கேபிள் இழுபடும் கோணத்தைச் சரிசெய்யும் பிராக்கெட் தனியாக வேண்டும். அதில் காசு பார்க்காதீர்கள். முடிந்தால் அழுத்த மீட்டர் மாட்டி சரிபாருங்கள். கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்-அப் வயரையும் மறக்க வேண்டாம், அது இல்லாமல் நெடுஞ்சாலையில் ஓட்டினால் எண்ணெய் சூடாகும்.

8. செலவு, ரசீது, காலம்

எங்கள் பகுதியில் நான் கேட்டும் கொடுத்தும் தெரிந்துகொண்ட விலைகள், டாலரில்: கன்வெர்ட்டரோடு புதுப்பித்த 700ஆர்4 1,800 முதல் 3,000. ஷாஃப்ட் வெட்டி பேலன்ஸ் செய்ய 150 முதல் 400. கிராஸ்மெம்பர் 150 முதல் 250. டிவி கேபிளும் பிராக்கெட்டும் 100 முதல் 150. கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் 100. கிரவுன்-பினியன் 250 முதல் 400, பேரிங் கிட் 100 முதல் 200, அந்த வேலைக்குக் கூலி 500 முதல் 900.

பழைய கியர்பாக்ஸுக்காக ஒரு முன்பணம் வாங்குவார்கள். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் அது வாபஸ். எத்தனை நாளுக்குள், எந்த மாடலை ஏற்பார்கள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். 700ஆர்4 வாங்கிவிட்டு டர்போ 350ஐக் கொடுத்தால் சில கடைகள் ஏற்காது.

வாரண்டி அட்டையை ஒரு வரி விடாமல் படியுங்கள். கூலர் குழாய்களை அலசிய ரசீது, அல்லது புதுக் கூலர் வாங்கிய ரசீது கேட்பார்கள். பழைய கியர்பாக்ஸின் உலோகத் தூள் குழாயில் தங்கி புதியதைக் கெடுக்கும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. எல்லா ரசீதையும் ஒரே கவரில் போட்டு வண்டியிலேயே வையுங்கள்.

காலத்துக்கு: கியர்பாக்ஸ் வர இரண்டு முதல் நான்கு வாரம், ஷாஃப்ட் கடை ஒரு வாரம், ஆக்சில் கடை இரண்டு வாரம். வசந்த காலத்தில் எல்லோரும் வண்டியைத் தூசு தட்டுவார்கள், கடைகள் நிரம்பி வழியும். நவம்பரில் ஆரம்பியுங்கள்.

9. முதல் 500 மைல்

ஆக்சில் விகிதமோ டயரோ மாறியிருந்தால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். போனில் ஜிபிஎஸ் போட்டு ஒப்பிடுங்கள். 60 என்று முள் காட்டும்போது உண்மையில் 70இல் போய்க்கொண்டிருந்தால் அபராதச் சீட்டு உங்கள் பெயருக்குத்தான் வரும். கியர்பாக்ஸின் வால் பக்கத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும், 20 முதல் 50 டாலர்.

புது கிரவுன்-பினியன் போட்டிருந்தால் முதல் நாள் 15, 20 நிமிடம் மெதுவாக ஓட்டி, முழுதாக ஆறவிடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 500 மைல் வரை டிரெய்லர் இழுக்காதீர்கள். அப்புறம் பின்மூடியைக் கழற்றி எண்ணெயை மாற்றுங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் நைசான பசை இருந்தால் கவலை இல்லை, பற்கள் ஒன்றோடொன்று பழகியதன் மிச்சம் அது. விரலில் குத்தும் அளவுக்கு சில்லு தட்டுப்பட்டால் மூடியைத் திரும்ப மாட்டாமல், அந்த மஞ்சள் பசைப் படத்தையும் ரசீதுக் கவரையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போங்கள்.